மருந்தா, தடுப்பூசியா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)



ஒரு குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் யாரோ, அந்த வீட்டின் பழுதுகள் யாவும் அவன் தலையில்தான் விழும். மின்விசிறி சுற்றவில்லையா? "நீ சயின்ஸ்தானே படிக்கிறே?" ரேஷன் அட்டையில் பெயர் பிழையாக இருக்கிறதா? "காலேஜ் போறவன் நீதானே பாக்கோணும்!" இப்படித்தான் எங்கள் வீட்டு வைஃபை பெட்டியின் பழுதும் என் தலையில் விழுந்தது. அந்தப் பழுதைத் தேடிப் போன கதையையும், அதிலிருந்து எனக்குத் தோன்றிய கருத்தையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கருத்தில் பிழை இருந்தால் கடிந்துரையுங்கள், இல்லையேல் கைகொடுங்கள்!

என் தந்தை விசைத்தறித் தொழிலாளி. தாயார் அதே பட்டறையில் தார் சுற்றுகிறார். எங்கள் தெருவில் ஒளியிழை இணைப்பு உள்ள வீடு எங்களுடையது ஒன்றுதான். 1,400 ரூபாய் கொடுத்து வாங்கிய ரௌட்டர் ஒன்று சுவரில் தொங்குகிறது. மாலை ஏழு மணியானால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் திண்ணையில் கூடிவிடுவார்கள். அவர்களிடம் "போங்கள்" என்று சொல்ல என் தந்தைக்கு மனம் வராது.

சென்ற ஆடி மாதத்தில் அந்தப் பெட்டிக்கு நோய் வந்தது. பகலெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். பொழுது சாய்ந்தால் இணைப்பு அறுந்துபோகும். இரண்டு நிமிடத்தில் திரும்ப வரும். பத்து நிமிடத்தில் மீண்டும் அறுந்துபோகும். அதே வாரத்தில்தான் என் தங்கை பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியலை நிரப்ப வேண்டியிருந்தது. இறுதி நாளுக்கு மூன்றே நாள்! கைப்பேசியில் ஒரு நாளைக்கு உரிய டேட்டா மாலைக்குள் தீர்ந்துவிடும். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று அவள் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்து நிற்கும். அவள் கண்ணில் நீர் நிற்கும்.

இரண்டு அறிவுரைகள்

கேபிள்கார அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "தம்பி, ரௌட்டர் சாப்ட்வேர் பழசாயிருக்கும். அப்டேட் போட்டுடுங்க, எல்லாம் சரியாயிரும்" என்றார். வகுப்புத் தோழன் ஒருவனிடம் கேட்டேன். "டேய், தொடாதே! அப்டேட் போட்டு எங்க மாமா வீட்டுப் பெட்டி செங்கல்லாப் போச்சு" என்றான்.

நண்பர்களே, நாட்டில் இன்று உலவும் கருத்துகளே இந்த இரண்டுதான். எதற்கெடுத்தாலும் "புதுப்பி" என்பது ஒரு கட்சி. எந்நாளும் "தொடாதே" என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டுமே நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை!

எனக்கு அச்சமாகத்தான் இருந்தது. 1,400 ரூபாய் என்பது என் தந்தையின் இரண்டு மூன்று நாள் கூலி. பெட்டி பாழானால் பணமும் போகும். தங்கையின் பட்டியலும் போகும். அன்றிரவு தறிப் பட்டறையிலிருந்து திரும்பிய தந்தை கேட்டார்:

"என்னங்கண்ணு, டப்பா மறுக்கா செத்துப்போச்சா?"

"ஆமாங்கப்பா. சாப்ட்வேரை மாத்திப் பாக்கலாமான்னு யோசிக்கிறேன்."

அவர் சட்டையைக் கழற்றியபடியே சொன்னார்: "தறி நின்னுபோனா எடுத்த எடுப்புல மோட்டாரையா கழட்டுவாங்க? நாடாவுல தார் தீந்துபோச்சான்னு மொதல்ல பாப்பேன். பாவுல இழை அறுந்திருக்குதான்னு பாப்பேன். பெல்ட்டு நழுவியிருக்குதான்னு பாப்பேன். இத்தனையும் பாத்த பொறவுதான் கண்ணு பிட்டரைக் கூப்புடுவேன்."

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் நான் இரண்டு ஆண்டுகளாக ஆய்வுக்கூடத்தில் கற்றுக்கொண்டிருக்கும் அறிவியல் முறையை அவர் அந்த ஐந்து வாக்கியங்களில் சொல்லிவிட்டார். எளிதானதை முதலில் பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. திரும்பச் செய்ய முடியாததைக் கடைசியில் செய். இதைவிட வேறென்ன வேண்டும்?

விளக்குகள் பேசும் மொழி

ரௌட்டர் என்பது என்ன? அது ஒரு குட்டிக் கணினி. அதற்கும் செயலி உண்டு, நினைவகம் உண்டு. மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் அதன் இயக்கநிரல் பதிந்திருக்கிறது. அதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். தமிழில் நிலைபொருள் எனலாம். திரையும் விசைப்பலகையும் இல்லாத இந்தக் கணினிக்கு வாய் அதன் விளக்குகளே! ஆனால் நாம் அந்த விளக்குகளைப் பார்ப்பதில்லை. பெட்டியைத் தட்டத்தான் தெரியும்.

மறுநாள் மாலை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் பெட்டியின் முன் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகள். ஒன்று கேபிள்காரர் பொருத்திய ஒளியிழைப் பெட்டி. மற்றது நாங்கள் வாங்கிய ரௌட்டர். ஒளியிழைப் பெட்டியில் "லாஸ்" என்றொரு விளக்கு உண்டு. இழையில் வரும் ஒளி குன்றினாலோ அறுந்தாலோ அது சிவப்பாக எரியும். அந்த இழையில் வரும் ஒளி பெரும்பாலும் 1490 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவும் கூடாது. மைக்ரோவாட் அளவிலான அந்த மெல்லிய ஒளியில்தான் நம் படமும் பாட்டும் பாடமும் வந்து சேர்கின்றன என்பதை எண்ணினால் மெய் சிலிர்க்கிறது! ஆனால் அன்று மாலை சிவப்பு எரியவே இல்லை. இழை நலமாக இருந்தது.

அடுத்து, பழுது கம்பியிலா, காற்றிலா என்று பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. நகரத்தில் ஒரே மாடிக்கட்டடத்தில் இருபது வீட்டு வைஃபை இருந்தால் சந்தைக்கடை இரைச்சல்தான். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அதிர்வெண்ணில்தான் வேலை செய்கிறது. எங்கள் தெருவிலோ வைஃபை எங்களுடையது ஒன்றே, அடுப்பு விறகடுப்பு! எனினும் ஐயத்தை விட்டுவைக்கலாமா? தோழனின் மடிக்கணினியைக் கேபிள் வழியாக நேரே இணைத்தேன். அப்போதும் இணைப்பு அறுந்தது. எனவே குற்றவாளி காற்றும் அன்று.

மூன்றாம் முறை அறுந்தபோதுதான் உற்றுநோக்கினேன். ரௌட்டரின் விளக்குகள் அனைத்தும் ஒரே கணத்தில் அணைந்தன. பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன. இணைப்பு மட்டும் அறுந்தால் ஒரு விளக்குத்தான் மாறும். எல்லா விளக்கும் அணைந்தால் பெட்டியே செத்துப் பிழைக்கிறது என்று பொருள். ஒளியிழைப் பெட்டியோ அசையாமல் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. ஆகவே வீட்டு மின்சாரம் போகவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: ரௌட்டரின் அடாப்டர்!

பாடப்புத்தகம் உயிர் பெற்ற நாள்

அடாப்டரின் மேல் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. அடுத்த நாள் பேராசிரியரின் அனுமதியுடன் அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்றேன். மல்டிமீட்டரை வைத்தேன். 12.1 வோல்ட். "நன்றாகத்தானே இருக்கிறது?" என்றேன். பேராசிரியர் சிரித்தார். "மின்னியக்கு விசைக்கும் முனை மின்னழுத்தத்துக்கும் வேறுபாடு என்ன? போன மாதம்தானே தேர்வில் எழுதினாய்!" என்றார்.

சுருக்கென்றது. பளு இல்லாதபோது அளப்பது ஒன்று. பளுவைத் தாங்கும்போது அளப்பது வேறு. ரியோஸ்டாட்டையும் அம்மீட்டரையும் இணைத்தோம். 0.2 ஆம்பியரில் 11.9 வோல்ட். 0.5 ஆம்பியரில் 11.2. 0.8 ஆம்பியருக்குப் போனபோது 8.9 வோல்ட்டுக்கு வீழ்ந்தது! ஆய்வக உதவியாளர் பின்னர் அதைப் பிரித்துக் காட்டினார். உள்ளே மின்தேக்கி ஒன்றின் தலை உப்பியிருந்தது. (நீங்கள் வீட்டில் பிரிக்காதீர்கள், செருகியிலிருந்து எடுத்த பின்னும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும்.)

இப்போது புதிர் அவிழ்ந்தது. பகலில் ஒன்றிரண்டு கைப்பேசிகள்; பளு குறைவு. மாலையில் திண்ணைப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்தவுடன் ரௌட்டர் கூடுதல் மின்னோட்டம் கேட்கிறது. கிழட்டு அடாப்டரால் கொடுக்க முடியவில்லை. மின்னழுத்தம் சரிகிறது; பெட்டி மயங்கி விழுகிறது; பளு நீங்கியதும் எழுந்திருக்கிறது. பத்தாம் வகுப்பிலிருந்து மனப்பாடம் செய்துவந்த ஒரு பாடம் என் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது; நான்தான் அதை அடையாளம் காணவில்லை.

220 ரூபாய்க்குப் புதிய அடாப்டர் வாங்கினேன். அன்று மாலை ஒரு முறைகூட விளக்கு அணையவில்லை. தங்கை இரவு பதினொரு மணிக்குப் பட்டியலை நிறைவு செய்தாள்.

இங்கேதான் நான் உங்களைச் சற்று நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். கேபிள்கார அண்ணன் சொன்னபடி முதல் நாள் மாலையே ஃபர்ம்வேரைப் புதுப்பித்திருந்தால் என்னவாகியிருக்கும்? புதுப்பித்தல் என்பது பழைய நிரலை அழித்துப் புதிய நிரலை எழுதும் வேலை. எளிய பெட்டிகளில் அந்த ஒரே இடத்தில்தான் எழுதப்படும். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பெட்டி விழித்தெழ வழியே இல்லை. விலையுயர்ந்த சில பெட்டிகளில் இரண்டு படிகள் வைத்திருப்பார்கள். ஒன்று கெட்டால் மற்றொன்று எழும். எங்கள் பெட்டி அந்தச் சாதியன்று. மாலை நேரத்தில், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மயங்கி விழும் அடாப்டரை வைத்துக்கொண்டு புதுப்பித்திருந்தால் அது செங்கல்லாகத்தான் போயிருக்கும். பிறகு நானும் என் தோழனின் மாமாவைப் போல, "அப்டேட் போட்டேன், போய்விட்டது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன்!

அப்படியானால் புதுப்பிக்கவே வேண்டாமா?

"பார்த்தாயா, தொடாதே என்று நான் சொன்னதுதான் சரி" என்று தோழன் மார்தட்டினான். இல்லை நண்பா, நீயும் பாதிதான் சரி!

நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது எங்கள் ரௌட்டரின் ஃபர்ம்வேர் 2019ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. கடவுச்சொல் பெட்டியோடு வந்த அதே "அட்மின்". பெட்டி ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத வீட்டிலும் மக்கள் நிம்மதியாகத்தான் உறங்குகிறார்கள், திருடன் வரும் வரையில்!

திருடன் வந்த வரலாறு உண்டா? உண்டு. 2016இல் "மிராய்" என்னும் தீநிரல் இணையக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அது பெரிய சூத்திரம் எதையும் கையாளவில்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் கொண்ட, ஏறத்தாழ அறுபது இணைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டியது, அவ்வளவுதான். 2016 அக்டோபர் 21 அன்று அந்த அடிமைப் படை அமெரிக்காவின் டின் நிறுவனத்தின் பெயர்-முகவரிச் சேவையைத் தாக்கியபோது ட்விட்டர் முதலிய பெருந்தளங்களே பலருக்குக் கிடைக்காமல் போயின. அடுத்த மாதம் ஜெர்மனியில் டாய்ச்சு டெலிகாம் வாடிக்கையாளர் ஏறத்தாழ 9 இலட்சம் பேரின் ரௌட்டர்கள் இதன் வழிவந்த தாக்குதலால் நிலைகுலைந்தன. அவற்றை மீட்டது எது? புதிய ஃபர்ம்வேர்!

"அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு?" என்பீர்கள். 2017 ஜூலையில் நம் நாட்டிலேயே பி.எஸ்.என்.எல். அகலக்கற்றை மோடம்களை ஒரு தீநிரல் தாக்கியது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் வைத்திருந்தவர்களே அகப்பட்டார்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

"அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்" என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. 2018 மே மாதத்தில் "வி.பி.என். ஃபில்டர்" என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் கருவிகளில் புகுந்திருப்பது வெளிப்பட்டது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே "ரௌட்டரை அணைத்துப் போடுங்கள்" என்று மக்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் அதிலும் ஒரு செய்தி இருக்கிறது. அணைத்துப் போட்டால் தீநிரலின் மேற்பகுதிகள் அழிந்தன. முதற்பகுதியோ அசையாமல் உள்ளேயே இருந்தது. வேரைக் களைய, பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, ஃபர்ம்வேரையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அணைத்துப் போடுவது முதலுதவி; சிகிச்சை அன்று.

இன்னொன்றும் கேளுங்கள். 2023 அக்டோபர் 25 முதல் 27 வரை, மூன்றே நாள்களில், அமெரிக்காவில் ஒரே இணைய நிறுவனத்தைச் சேர்ந்த 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரௌட்டர்கள் தீநிரலால் நிரந்தரமாகச் செத்தன. அணைத்துப் போட்டும் எழவில்லை. பெட்டிகளையே மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. தொடாமல் விட்டால் கெடாது என்பார் இதற்கு என்ன விடை சொல்வார்?

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. புதுப்பித்தலே கேடான நாளும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திண்டாடின. ஆகவே "புதுப்பி, புதுப்பி" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாரையும் நான் ஏற்பதற்கில்லை.

என் முடிவு

அப்படியென்றால் என் கட்சி எது? ஒரே வாக்கியத்தில் சொல்கிறேன்: ஃபர்ம்வேர் புதுப்பித்தல் மருந்து அன்று, தடுப்பூசி!

மருந்து நோய் வந்தபின் கொடுப்பது. நோய் இன்னதென்று தெரியாமல் கொடுக்கக் கூடாது. தடுப்பூசி நோயில்லாதபோது போடுவது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குச் செவிலியர் ஊசி போடத் தயங்குவார்; "உடம்பு சரியானதும் கூட்டி வாருங்கள்" என்பார். பெட்டிக்கும் அதுவே நெறி. பழுதாகிக் கிடக்கும்போது புதுப்பிக்காதே, பழுதைக் கண்டுபிடி. நலமாக ஓடும்போது தள்ளிப்போடாதே, புதுப்பி. நாம் செய்வதோ இதற்கு நேர்மாறு! ஓடும்போது மறந்துவிடுகிறோம், நின்றபின் அப்டேட்டைத் தேடுகிறோம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. புதிய ஃபர்ம்வேரோடு வரும் குறிப்பில் உங்கள் பெட்டியின் நோய்க்குறி பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருந்தால், அங்கே அது மருந்தாகவும் ஆகும். குறிப்பைப் படிக்காமல் மருந்துச் சீட்டு எழுதாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

தங்கையின் பட்டியல் முடிந்தபின் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் வருமுன், நான் ஊசி போட உட்கார்ந்தேன். செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்கேனும் பயன்படும்.

முதலாவது, பெட்டி யாருடையது என்று பார்த்தேன். ஒளியிழைப் பெட்டி கேபிள்காரருடையது. அதில் நான் கைவைக்கவில்லை. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டிகளை அவர்களே தொலைவிலிருந்து புதுப்பிக்கும் முறை 2004 முதலே உண்டு. ரௌட்டர் எங்களுடையது, அதற்கு நானே பொறுப்பு.

இரண்டாவது, பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் மாதிரி எண்ணோடு வன்பொருள் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டேன். ஒரே பெயரில் விற்கும் பெட்டிக்குள்ளேயே பதிப்புக்குப் பதிப்பு உள்ளே இருக்கும் சில்லு வேறாக இருக்கலாம். மாற்றானின் ஃபர்ம்வேரை ஏற்றுவது, ஒரு இரத்த வகைக்காரனுக்கு வேறு வகை இரத்தத்தை ஏற்றுவது போலாகும்.

மூன்றாவது, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே கோப்பை இறக்கினேன். அதனருகில் கொடுத்திருந்த சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிட்டேன். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு பழுது என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காவது, அப்போதிருந்த அமைப்புகளையெல்லாம் நோட்டில் எழுதிவைத்தேன். வைஃபை வழியாக அன்றி, மடிக்கணினியைக் கேபிளால் இணைத்தேன். மின்வாரியம் அன்று பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கிறதா என்று பார்த்தேன். வானத்தையும் பார்த்தேன், மழை மேகம் இல்லை. எல்லாம் ஆனபின் பொத்தானை அழுத்தினேன்.

அந்த நான்கு நிமிடங்கள்! தேர்வு முடிவுக்குக்கூட என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சாமி, ஏன் மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?" என்றார். விளக்குகள் அணைந்தன. ஒன்று எரிந்தது. இரண்டாவது எரிந்தது. மூன்றாவதும் எரிந்தபோதுதான் மூச்சு விட்டேன். உடனே "அட்மின்" என்ற கடவுச்சொல்லையும் மாற்றினேன்.

கடைசித் தடுப்பூசி

ஆனால் மகிழ்ச்சி நிலைக்கவில்லை. நான் ஏற்றிய ஃபர்ம்வேரின் தேதியைப் பார்த்தேன்: 2022. நிறுவனத்தின் தளத்தில் அதன்பின் எதுவும் இல்லை. இந்த மாதிரிக்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று ஒரு மூலையில் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதாவது, நான் போட்டதே கடைசி ஊசி. இனி ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைப்பார் எவரும் இலர்.

இப்படி ஆதரவு முடிந்த பழைய ரௌட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றித் தம் முகமூடியாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 2025 மே மாதத்தில் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. அவற்றை மாற்றிவிடுங்கள் என்றும் சொன்னது. மாற்றலாம், யார் பணத்தில்? நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கியெறிந்துவிட்டு இன்னொரு 1,400 ரூபாய் கொடுங்கள் என்று ஒரு தறித் தொழிலாளியிடம் எப்படிச் சொல்வது?

அவர் வாங்கியபோது பெட்டியின் மேல் என்னென்ன அச்சிட்டிருந்தார்கள்? வேகம் இத்தனை, ஆன்டெனா இத்தனை, விலை இத்தனை. எத்தனை ஆண்டு பாதுகாப்பு தருவோம் என்பது மட்டும் இல்லை. பத்து ரூபாய் ரொட்டிப் பொட்டலத்தில் காலாவதி நாள் உண்டு. மாத்திரை அட்டையில் உண்டு. ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் படிப்பும் கடந்துபோகும் பெட்டியில் மட்டும் ஏன் இல்லை? இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொல்லோடு இணையக் கருவிகளை விற்கக் கூடாது. பாதுகாப்புப் புதுப்பிப்பு குறைந்தது எந்நாள் வரை கிடைக்கும் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அங்கே முடிந்தது இங்கே முடியாதா? நம் நாட்டில் விற்கும் ஒவ்வொரு ரௌட்டர் பெட்டியின் மீதும் அந்த நாளை, தமிழிலும் அச்சிட வேண்டும் என்பது என் கோரிக்கை. நாள் தெரிந்தால், 1,400 ரூபாய் கொடுப்பவன் எத்தனை ஆண்டுக்குக் கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பான். ஏழைக்கு அந்தக் கணக்கு மிக முக்கியம்.

நாம் என்ன செய்யலாம்?

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை கைகட்டி நிற்கலாமா? நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் சிற்றூர்களில் முகாமிடுகிறோம். மரம் நடுகிறோம், கோயில் வளாகம் பெருக்குகிறோம், கண் பரிசோதனைக்கு ஆள் திரட்டுகிறோம். இந்த ஆண்டு முகாமில் ஒரு நாளை ரௌட்டருக்கு ஒதுக்கினால் என்ன? இயற்பியல் மாணவர் அடாப்டரை அளக்கட்டும். கணினி அறிவியல் மாணவர் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்கட்டும். தமிழ்த்துறை மாணவர் அதை எழுதிவைக்கும் முறையை விளக்கும் துண்டறிக்கை தயாரிக்கட்டும். வீட்டுக்காரரின் ஒப்புதலோடு, அவர் கண் முன்னாலேயே செய்வோம். புதிய கடவுச்சொல்லை அவரே தட்டச்சு செய்யட்டும், நாம் திரும்பி நிற்போம். ஒரு தெருவுக்கு ஒரு நாள் போதும்.

என் போன்று வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் இக்கல்லூரியில் பலர். நாம் வாங்கப்போகும் பட்டம் நமக்கு வேலை தரலாம், தராமலும் போகலாம். ஆனால் நம் தெருவுக்கு நம் படிப்பு இன்றைக்கே ஏதேனும் தர முடியும். எங்கள் திண்ணையில் இப்போதும் மாலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் கூடுகிறார்கள். அவர்களில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவன் சென்ற வாரம் என்னிடம் கேட்டான்: "அண்ணா, நெட் நின்னா முதல்ல எந்த லைட்டைப் பாக்கோணும்?"

சொல்லிக்கொடுத்தேன். அவன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

நண்பர்களே! பழுது கண்டால் பதறாதீர், பார்த்தறிந்து தொடுங்கள். நலமாயிருக்கும்போதே காத்துக்கொள்ளுங்கள். அறிவு வளர்க! அது வீடுதோறும் சேர்க!